இரண்டாம் அணியின் சனிக்கிழமை: அயோவா பயணக் குறிப்புகள்

நாள் 1: வியாழன் இரவு, சீடர் ராப்பிட்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை திண்டுக்கல்லில் வாசலில் வைத்த பானை பொங்கியதும் கிளம்பினேன். சென்னை வரை வண்டி, அங்கிருந்து இரண்டு விமானம், சிகாகோவில் இறங்கியதும் மச்சானின் காரில் நான்கு மணி நேரம், அயோவா மாநிலத்தில் அக்கா வீட்டுக்கு. வழியெல்லாம் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடுகள். பனிக்கு மேலே தட்டையின் அடிக்கட்டை மட்டும் வரிசை வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலும் மக்காச்சோளம் உண்டு. ஆனால் ஒரு மாநிலமே காடாக விரிந்து கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

உடம்புக்கு இன்னும் பகல் எது, இரவு எது என்று பிடிபடவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் பார்த்ததை நாளைக்கு எழுதினால் சூடு ஆறிவிடும்.

அக்கா மகன் இங்கே உயர்நிலைப் பள்ளியில் 9ஆம் வகுப்புப் படிக்கிறான். முதல் வருடப் பிள்ளைகளை ‘ஃப்ரெஷ்மேன்’ என்கிறார்கள். நவம்பரில் மல்யுத்த அணியில் சேர்ந்துவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தான். “மாமா, நீங்க கபடி வாத்தியார்தானே, உங்களுக்குப் புரியும்.” நான் 33 வருடம் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவன். அந்த ஒரு வார்த்தைக்காகவே டிக்கெட் போட்டேன் என்று சொன்னால் அக்கா திட்டுவாள், ஆனால் உண்மை அதுதான்.

இன்று பயிற்சியைப் பார்க்க அழைத்துப் போனான். பயிற்சியாளர் மரியாதையாக உள்ளே உட்காரச் சொன்னார், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு. வெளியே நடந்த காலணியோடு ‘மேட்’ என்ற மெத்தை விரிப்பில் யாரும் ஏறக் கூடாது. படர்தாமரை போன்ற தோல் நோய்கள் இந்த விளையாட்டில் வேகமாகப் பரவும், அதனால் இந்தக் கட்டுப்பாடு. வெளியே பனி. உள்ளே நுழைந்த மறு நொடி என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஜன்னல் கிடையாது, தரை முழுக்க மேட், சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேட். நாற்பது பையன்கள் ஜோடி ஜோடியாகப் புரண்டுகொண்டிருந்தார்கள். அந்த வியர்வை வாசனை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

இங்கே பள்ளிப் பையன்களின் மல்யுத்தத்தில் 14 எடைப் பிரிவுகள். 106 பவுண்டில் தொடங்கி 285 பவுண்டில் முடியும். நம் கணக்கில் 48 கிலோவில் இருந்து 129 கிலோ வரை. ஒரு பள்ளிக்கு ஒரு எடையில் ஒரே ஒரு ஆள்தான் முதல் அணி. அதற்கு ‘வார்சிட்டி’ என்று பெயர். ஒரே எடையில் நான்கு பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே மோதிப் பார்க்கிறார்கள். ஜெயித்தவன் வார்சிட்டி, மற்றவர்கள் ‘ஜூனியர் வார்சிட்டி’, சுருக்கமாக ஜேவி. எங்கள் பையன் 138 பவுண்டில் மோதித் தோற்றான். அந்த எடையில் இருப்பவன் 12ஆம் வகுப்பு, மீசை வைத்த ஆள். தோற்றதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

“அப்ப உனக்குப் போட்டியே இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கே மாமா. சனிக்கிழமை ஃப்ரெஷ்மேன், ஜேவி பிள்ளைங்களுக்கு மட்டும் டோர்னமென்ட். வார்சிட்டி யாரும் விளையாட முடியாது.”

இதைக் கேட்டதில் இருந்து மனம் ஒரு இடத்திலேயே நிற்கிறது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு நான் கபடி அணியைக் கூட்டிப் போகும்போது படிவத்தில் 12 பெயர்தான் எழுத முடியும். ஏழு பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் மாற்று. ஜூன், ஜூலை முழுக்க மண்ணில் புரண்டு பயிற்சிக்கு வந்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். அந்தப் பதின்மூன்றாவது பையன் அன்று காலையில் வந்து நின்று, “சார், நானும் வரவா, தண்ணிக் குடம் தூக்கியாரேன்” என்பான். வருடா வருடம் வேறு வேறு பையன், ஆனால் அதே முகம். அவனுக்கென்று ஒரு போட்டி இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.

நாள் 2: வெள்ளி இரவு

அக்கா செவ்வாய்க்கிழமை செய்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு பாத்திரம் அவனுக்காகக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள். காலையில் சூடு பண்ணி நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஒரு முட்டை மட்டும் சாப்பிட்டுப் போனான். இன்று பள்ளியில் எடை பார்க்கிறார்களாம்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. “வளர்ற பிள்ளை, நீயே கேளுடா” என்றாள். எனக்கும் பயம்தான். எடை விஷயத்தில் நம் ஊர் ஆட்கள் யாருக்கும் 2024 ஆகஸ்ட் மறந்திருக்காது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டி வரை போன வினேஷ் போகத், அன்று காலை 100 கிராம் கூடியிருந்ததால் வெளியே அனுப்பப்பட்டார். ராத்திரி முழுக்க ஓடியும் வியர்த்தும் குறையாத 100 கிராம்.

அமெரிக்காவில் இதைவிடக் கொடுமையாக நடந்திருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியிலேயே இறந்து போனார்கள். சூடான அறையில், வியர்வை வெளியேற ரப்பர் உடை போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகுதான் கல்லூரிகளில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. பள்ளிகளுக்கும் விதி வந்தது. பருவம் தொடங்கும்போது சிறுநீர் சோதித்து உடம்பில் தண்ணீர் போதுமா என்று பார்ப்பார்கள். கொழுப்பின் அளவைக் கணக்கிடுவார்கள். பையன்களுக்கு 7 சதவீதத்துக்கும், பெண் பிள்ளைகளுக்கு 12 சதவீதத்துக்கும் கீழே போகாத எடை எதுவோ அதுதான் அந்தப் பிள்ளைக்கான கடைசி எல்லை. அதற்குக் கீழான பிரிவில் இறங்கவே முடியாது. ஒரு வாரத்தில் உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. மூன்று உயிர் போன பிறகு எழுதிய விதி. வந்தவரைக்கும் நல்லது.

சாயங்காலம் வந்தவன் சிரித்துக்கொண்டே வந்தான். 134 பவுண்டு. பயிற்சியாளர் அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாராம். நாளைய போட்டியில் எடைப் பிரிவு என்றே கிடையாது. வந்த பிள்ளைகளின் உண்மையான எடையை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து வரும் நான்கு நான்கு பேராகக் குழு பிரிப்பார்கள். குழுவில் ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரோடும் மோத வேண்டும். யாரும் யாருக்காகவும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. காலையிலேயே இது தெரிந்திருந்தால் அக்கா அழுதிருக்க மாட்டாள். சரி, ராத்திரி மூன்று கிண்ணம் பொங்கல் சாப்பிட்டான். முந்திரியைத் தேடித் தேடி எடுத்தான். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பகலில் அவன் பள்ளியில் இருந்த நேரம், மச்சான் அரை நாள் விடுப்புப் போட்டு என்னை வாட்டர்லூவுக்குக் கூட்டிப் போனார். வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அந்த ஊரில் டான் கேபிள் பெயரில் மல்யுத்த அருங்காட்சியகம் இருக்கிறது. நமக்குக் கபடி எப்படியோ அப்படி அயோவாக்காரர்களுக்கு மல்யுத்தம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்த பிறகு அந்த ஒப்பீடு கொஞ்சம் குறைவு என்றே படுகிறது.

வாட்டர்லூவில் 1948இல் பிறந்தவர் கேபிள். பள்ளியில் 64 போட்டி, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கல்லூரியிலும் ஜெயித்துக்கொண்டே வந்தார். பள்ளி, கல்லூரி இரண்டையும் சேர்த்து 181 வெற்றி. 1970இல் கல்லூரியின் கடைசிப் போட்டி, தேசிய இறுதி. அதில் லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் 13–11 என்று தோற்றார். இரண்டு வருடம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் ஒரு புள்ளிகூட விட்டுக் கொடுக்காமல் தங்கம் வாங்கினார். பிறகு அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகி 15 முறை தேசியப் பட்டம், அதில் 1978 முதல் 1986 வரை தொடர்ச்சியாக 9.

இத்தனை சாதனை இருந்தும் என்னை இழுத்துப் பிடித்தது அந்த 13–11தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தவன் பார்வை அப்படித்தான் போகும். 181 முறை ஜெயித்தவனை ஊர் நினைவில் வைத்திருப்பது, தோற்ற ஒன்றையும் சேர்த்துத்தான்.

இதே மாநிலத்தில் ஹம்போல்ட் என்ற ஊர்க்காரர் ஃபிராங்க் காட்ச். 1908இல் சிகாகோவில் ஹாக்கென்ஷ்மிட்டைச் சாய்த்து உலக சாம்பியன் ஆனவர். நம் காமா பயில்வான் 1910இல் லண்டனுக்குப் போய் அமெரிக்கர் ரோலரை வீழ்த்தினாரே, அதே காலம். காமாவும் காட்சும் கடைசிவரை ஒரே மேடையில் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நானும் மச்சானும் பேசிக்கொண்டே வந்தோம்.

பேச்சுக்கு நடுவில் ஒன்று தெரிந்தது. மச்சான் இதுவரை மகனின் ஒரு போட்டியைக்கூடப் பார்த்ததில்லை. “கணக்குல நல்லா வர்றான் மாப்பிள்ளை. இதுல கழுத்து, முட்டி ஏதாவது போயிடுச்சுன்னா?” என்றார். நாளைக்கு அக்காவுக்கு மருந்தகத்தில் வேலை. எனக்கு இந்தப் பனியில் கார் ஓட்டத் தெரியாது. அதனால் அவர்தான் வந்தாக வேண்டும்.

நாள் 3: சனி, நள்ளிரவு தாண்டிவிட்டது

விடிகாலை ஐந்தே கால். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி. மூச்சு விட்டால் மூக்கின் உள்மயிர் விறைத்துக்கொள்கிறது. பையன்கள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தில் ஏறினார்கள். நாங்கள் காரில் பின்னால் போனோம். ஒரு மணி நேரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளி. ஊரில் விளக்கு எரிந்த ஒரே கட்டடம் அதுதான்.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. கூடைப்பந்து அரங்கில் ஆறு மேட் விரித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 28 அடி விட்டத்தில் ஒரு வட்டம். இருபுறமும் படிக்கட்டு இருக்கைகள் நிறைந்து வழிந்தன. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, போர்வை, தலையணை, குளிர்ப்பெட்டி நிறையச் சாப்பாடு என்று நம் ஊர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்த கூட்டம் மாதிரி. முதல் அணி ஆட்டத்துக்கு இல்லை, இரண்டாம் அணிக்கு.

வரிசையில் நிற்க வைத்துத் தோல் பார்த்தார்கள், நகம் பார்த்தார்கள். நீண்டிருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும். அப்புறம் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து, ஒவ்வொருவனும் தன் போட்டி எண்களைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டான். எங்கள் பையன் கையில் மூன்று எண்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேட்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தவர்கள், மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதியவர்கள், கடிகாரம் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளியின் வார்சிட்டி பையன்கள். மேசைக்கு ஒருவன் கையில் டேப் சுற்றிய துண்டுச் சுருளை வைத்திருந்தான். சுற்று முடிந்ததும் ஓடிப் போய் நடுவரின் முதுகில் தட்டுவான். சத்தத்தில் மணி கேட்காது என்பதற்காக அந்த ஏற்பாடு. முதல் அணி நின்று இரண்டாம் அணிக்கு மேட் துடைக்கிறது. 33 வருடம் நான் இதைத் தலைகீழாகத்தான் செய்திருக்கிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று சுற்று. வார்சிட்டிக்குச் சுற்றுக்கு 2 நிமிடம், இங்கே ஒன்றரை. நின்றபடி தொடங்கி எதிராளியைக் கீழே தள்ளிக் கட்டுக்குள் கொண்டுவந்தால் அது ‘டேக் டவுன்’. 2023-24 பருவம் வரை 2 புள்ளி, 2024-25 பருவத்தில் இருந்து 3. கீழே கிடப்பவன் பிடியை உதறி எழுந்துவிட்டால் 1. அவனே புரட்டி மேலே வந்துவிட்டால் 2. முதுகை மேட்டை நோக்கிச் சாய்த்துப் பிடித்து வைத்தால், எத்தனை நொடி என்பதைப் பொறுத்து 2, 3, 4. இரண்டு தோள்பட்டை எலும்பும் 2 நொடி மேட்டில் பதிந்துவிட்டால் ‘பின்’. ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அந்த 1 புள்ளிதான் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் கீழே இருப்பவன் எழுந்தால் அதற்காகப் புள்ளி கிடையாது. அமெரிக்கப் பள்ளிகளின் ‘ஃபோக் ஸ்டைல்’ முறையில் உண்டு. கபடியில் நான்கு பேர் அமுக்கியும் திமிறி நடுக்கோட்டைத் தொட்டவனுக்குக் கிடைக்கிறதே, அதே நியாயம். பிடித்தவனுக்கு மட்டும் இல்லை, பிடியில் இருந்து எழுந்தவனுக்கும் கணக்கு.

எங்கள் பையனின் முதல் போட்டி 50 நொடியில் முடிந்தது. எதிரே வந்தவனின் கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்தன. தலையையும் கையையும் சேர்த்து வளைத்து ஒரு சுற்று, எங்கள் பையன் கூரையைப் பார்த்துக் கிடந்தான். நடுவர் மேட்டில் ஓங்கித் தட்டிய சத்தத்தில் மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். நான் படியிறங்கிப் போனபோது பையன் சுவரோரம் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் புத்தி சொல்பவர்களை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. துண்டுக்குள் இருந்து, “அப்பா பாத்தாரா?” என்று மட்டும் கேட்டான்.

அடுத்த போட்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. இந்த விளையாட்டில் நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. நான் மேட் மேட்டாக நடந்தேன்.

மூன்றாம் மேட்டில் பார்வை இல்லாத ஒரு பையன் ஆடினான். அதற்குத் தனி விதி உண்டு. நின்றபடி தொடங்கும்போது இருவரும் ஒரு கையை மேல் நோக்கியும் ஒரு கையைக் கீழ் நோக்கியும் நீட்டி விரல் நுனியால் தொட்டுக்கொள்ள வேண்டும். நின்று ஆடும்போது அந்தத் தொடுகை விட்டுப் போனால் நடுவர் நிறுத்தித் திரும்பத் தொட வைப்பார். தரைக்கு வந்துவிட்டால் அப்புறம் எந்தச் சலுகையும் இல்லை, தேவையும் இல்லை. அவன் எதிராளியின் காலை வாரிய வேகத்தைப் பார்த்தேன். பிடி என்பது கண்ணால் பார்ப்பது இல்லை என்று பிள்ளைகளுக்கு வாயால் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

ஆறாம் மேட்டில் பெண் பிள்ளைகள். அயோவாவில் 2022-23 பருவத்தில் இருந்துதான் பெண்கள் மல்யுத்தம் அதிகாரபூர்வப் பள்ளி விளையாட்டு. அதற்கு முன்னால் ஆசைப்பட்ட பெண்கள் பையன்களோடு மோத வேண்டியிருந்தது. 2011இல் கேசி ஹெர்கல்மன், மேகன் பிளாக் என்ற இருவர் அப்படி மோதியே மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள், அங்கே போன முதல் பெண்கள். ஹெர்கல்மனுக்கு எதிரே வர வேண்டிய பையன் பெண்ணோடு மோதுவது தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று விலகிக்கொண்டான். நாடு முழுக்க அது செய்தியானது. இன்று ஆறாம் மேட்டில் இரண்டு சடை போட்ட ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் பாட்டி என் பக்கத்தில் நின்று “முட்டியைக் கீழே வைக்காதே!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இதில் எதுவும் யாருக்கும் செய்தி இல்லை. சாதாரண சனிக்கிழமை.

பெற்றோர்களே நடத்தும் தின்பண்டக் கடையில் மச்சானைக் கண்டுபிடித்தேன். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து அதற்குள்ளேயே இறைச்சியும் சீஸும் போட்டு ஒரு ஸ்பூனைச் செருகித் தருகிறார்கள். ‘வாக்கிங் டாகோ’ என்று பெயர், நடந்துகொண்டே சாப்பிடலாம். வாங்கியதைச் சாப்பிடாமல் கையில் வைத்திருந்தார். இரண்டாவது போட்டிக்கு அழைத்தேன். “நீ பார்த்துச் சொல்லு” என்றார்.

இரண்டாவது போட்டியில் பையன் 8–3 என்று ஜெயித்தான். எதிரே ஒல்லியான, உயரமான பிள்ளை. அவனுக்கும் இது முதல் வருடமாக இருக்கும். இரண்டு முறை சுத்தமான டேக் டவுன். நடுவர் கையைத் தூக்கியபோது அவன் பார்வை என்னைத் தாண்டி மாடிப்படிப் பக்கம் போனது. யாரைத் தேடினான் என்று எனக்குத் தெரியும்.

திரும்பவும் போனேன். இந்த முறை கெஞ்சவில்லை. புறநானூற்றில் ஒரு பாட்டு வருகிறது மச்சான் என்றேன். ஆமூர் மல்லனோடு சோழன் கோப்பெருநற்கிள்ளி மோதுகிறான். ஒரு காலை எதிராளி மார்பில் ஊன்றி, இன்னொரு காலால் முதுகை வளைத்துப் பிடித்திருக்கிறான். அவனுக்கும் அப்பன் தித்தனுக்கும் ஆகாது. பார்த்துக்கொண்டிருக்கும் புலவர் சாத்தந்தையார் வேறு எதையும் கேட்கவில்லை. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தித்தன் வந்து இதைப் பார்க்கட்டும் என்கிறார். அவ்வளவுதான் பாட்டு.

மச்சான் பதில் சொல்லவில்லை. பாக்கெட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு என்னோடு நடந்தார்.

மூன்றாவது போட்டி மணி இரண்டரைக்கு. முதல் சுற்றில் கீழே போனான், 0–3. கையை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, எதிராளியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுந்தான், 1–3. இரண்டாவது சுற்றில் எதிராளி கீழ்நிலையை, அதாவது கீழே இருந்து தொடங்குவதைத் தேர்ந்தெடுத்து உடனே எழுந்துவிட்டான், 1–4. மூன்றாவது சுற்றில் தேர்வு எங்கள் பையனுக்கு. அவனும் கீழ்நிலை கேட்டான். காலைக் குறுக்கே வீசிப் புரட்டி மேலே வந்தான், 3–4. என் பக்கத்தில் ஒரு சத்தம். மச்சான் எழுந்து நின்றிருந்தார். எதிராளி மறுபடி எழுந்துவிட்டான், 3–5.

இருபது நொடி பாக்கி. எங்கள் பையன் குனிந்து பாய்ந்து வலது காலைப் பிடித்துவிட்டான். தூக்கியும்விட்டான். எதிராளி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வட்டத்தின் ஓரத்துக்குப் போகிறான், இவன் காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கூடவே போகிறான். சாய்த்துவிட்டால் 6–5. பத்து நொடி, ஐந்து நொடி. துண்டுச் சுருளோடு ஒரு பையன் ஓடி வருவது தெரிந்தது. நடுவரின் முதுகில் தட்டிவிட்டான்.

கால் அப்போதும் இவன் கையில்தான் இருந்தது.

கை கொடுத்தார்கள். எதிரணிப் பயிற்சியாளருக்கும் போய்க் கை கொடுத்தான், அது இங்கே வழக்கம். நான்கு பேரில் மூன்றாவது இடம். பதக்கம் கிடையாது. மச்சான் கீழே இறங்கிப் போனார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் நான்கு படி பின்னால் நின்றுகொண்டேன். மகனின் தலைக்கவசப் பட்டையை அவரே கழற்றிவிட்டார். “காலை விடவே இல்லையேடா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

வழியில் இருவரும் பேசவில்லை. பையன் எங்களோடு காரில் வந்தான், பின் இருக்கையில் தூங்கிவிட்டான். ஓடும் காரில் கண்ணாடி வழியே மச்சான் அவனை அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

நாள் 4: ஞாயிறு மாலை

அக்கா காலையில் இட்லி, கறிக்குழம்பு வைத்தாள். பையனின் இடது கண்ணுக்குக் கீழே மேட் உரசிய சிவப்பு. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஐந்து முறை மஞ்சள் வைக்கவா என்று கேட்டாள். நாளை மார்ட்டின் லூதர் கிங் நாள், பள்ளி விடுமுறை.

பிள்ளையார்பட்டி விபூதி கொடுக்கப் போன இடத்தில், நேற்று எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள் என்று பேச்சு வந்தது. தாளில் நான்கு நான்காக எழுதியிருந்த பெயர்களை நான் எண்ணவில்லை. ஒன்று மட்டும் தெரியும். வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஆடினான். மேட்டைப் பார்க்காமல் பேருந்தில் திரும்பிப் போனவன் ஒருவன்கூட இல்லை. ஊருக்குப் போனதும் எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் பி.டி. வாத்தியார்கள் இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்யலாம் என்றிருக்கிறேன். நான்கு பள்ளி சேர்ந்தால் போதும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, 12 பெயருக்குள் வராத பிள்ளைகளுக்கு மட்டும் கபடி. குறுவட்டத்துக்குப் போகிறவர்கள் வந்து கோடு போடட்டும், தண்ணீர் தரட்டும். கோப்பை வேண்டாம். அப்பா அம்மா வந்தால் போதும். எனக்குப் பதவி இல்லை, ஆனால் விசில் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு பையன் கூடத்தில் இருந்த டீப்பாயை ஓரமாக நகர்த்தினான். கம்பளத்தில் நின்றுகொண்டு, “மாமா, கபடியில கால் கையில கிடைச்சா எப்படி முடிப்பீங்க?” என்று கேட்டான்.

கபடியில் கணுக்காலைப் பிடித்தவன் தனி ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம் என்றேன். அவன் இரண்டு நொடி தாங்கினால் மற்றவர்கள் வந்து மேலே விழுவார்கள். இங்கே யாரும் வர மாட்டார்கள். அதனால் கையால் மட்டும் தாங்காதே. பிடித்த காலை உன் இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கு. தலையை அவன் உடம்பின் உள்பக்கம் வை. நேராகத் தள்ளினால் அவன் தத்திக்கொண்டே போவான், நேற்று அதுதான் நடந்தது. பின்பக்கமாக வட்டம் போட்டு நட. நடக்கும்போதே உன் தோளால் அவன் தொடையைக் கீழே அழுத்து. இதே முறையை வியாழக்கிழமை அவர்கள் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன். ஓரத்துக்குப் போகும் அவசரத்தில் பையன் மறந்துவிட்டான்.

“ஒரு தடவை நில்லுங்க மாமா, செஞ்சு பாக்கறேன்.”

என் வலது முட்டி 1991இல் மாவட்டப் போட்டியில் போனது. ஒற்றைக் காலில் நிற்க வராது. சோபாவைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

“நீ உக்காரு மாப்பிள்ளை” என்றார் மச்சான். படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கம்பளத்துக்கு நடுவில் வந்து நின்று, வலது காலை ஒரு அடி முன்னால் வைத்தார்.

“மெதுவாடா” என்று அக்கா சமையலறை வாசலில் இருந்து சொன்னாள்.

“நீ சும்மா இரு” என்றார் மச்சான். “ம், பிடி.”